தட்டில் வைத்தால் சுரப்பை மறந்துவிடும் செல்

கன்றை அவிழ்த்துவிட்டதும் அது ஓடிவந்து மடியில் முட்டும். ஓரிரு நிமிடத்தில் காம்புகள் விறைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் கறக்க உட்கார்ந்தால் பால் நுரைத்துக்கொண்டு வரும். அதே மாட்டிடம் புது ஆள் சொம்போடு போனால் பாலை அடக்கிக்கொள்ளும். மாடு வளர்த்த வீடுகளில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்: சுரப்பு என்பது சூழலைப் பார்த்து நடப்பது.

பால் இறங்குவது மட்டும் இல்லை, பாலைச் செய்வதும் அப்படித்தான். மடிக்குள் பாலைத் தயாரிக்கும் செல்களை எடுத்து, வேண்டிய சத்தெல்லாம் கலந்த கரைசலை ஊற்றி, பிளாஸ்டிக் தட்டில் வளர்த்துப் பாருங்கள். செல் பிழைத்துக்கொள்ளும், பெருகும். ஆனால் சில நாட்களிலேயே பால் செய்வதை நிறுத்திவிடும். அந்தச் செல்லுக்குத் தன் தொழிலை எப்படி நினைவுபடுத்துவது என்ற கேள்வியோடு ஆய்வுக்கூடங்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடிக்கொண்டிருக்கின்றன. மடிநோய்க்கு மருந்து, வெயிலில் பால் குறைவது, தீவனத்தால் பாலின் தரம் மாறுவது என்று நாம் படிக்கிற பல செய்திகளுக்குப் பின்னால் இந்தத் தட்டுகள்தான் இருக்கின்றன. அந்தச் செய்திகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

முதலில் மடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பசுவின் மடி நான்கு தனித்தனி சுரப்பிகள். ஒரு காம்பின் பால் பக்கத்துக் காம்புக்குப் போகாது. ஒரு காம்பில் மடிநோய் கண்டு பால் திரிந்து வரும்போது மற்ற மூன்றில் நல்ல பால் வருவதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு சுரப்பியிலும் திராட்சைக் கொத்து மாதிரி எண்ணற்ற பால் குமிழ்கள். ஒவ்வொரு குமிழும் உள்ளே வெற்றிடம் உள்ள உருண்டை. அதன் சுவர் ஒரே ஒரு அடுக்குச் செல்களால் ஆனது. அவற்றை எபிதீலியல் செல்கள் என்பார்கள். சுவரின் வெளிப்பக்கம் கூடை பின்னியதுபோலத் தசைச் செல்கள், அதற்கும் வெளியே மெல்லிய இரத்தக் குழாய்கள். பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் வந்ததும் கூடை இறுகும், குமிழ் பிழியப்படும், பால் இறங்கும்.

சுவரில் நிற்கும் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு கீழ்ப்பக்கமும் ஒரு மேல்பக்கமும் உண்டு. கீழ்ப்பக்கம் இரத்தத்தைப் பார்த்தபடி இருக்கும். குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், ஹார்மோன் செய்தி எல்லாம் அந்த வழியாக நுழையும். மேல்பக்கம் குமிழின் உட்குழிவைப் பார்த்தபடி இருக்கும். கேசின் என்ற பால் புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, கொழுப்புத் துளி எல்லாம் அந்த வழியாக வெளியே போகும். ஒரு லிட்டர் பாலுக்கு 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓடுகிறது என்பது பொதுவான கணக்கு. இந்த மேல், கீழ் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வெற்றி தோல்வி எல்லாம் இதைச் சுற்றித்தான்.

மாட்டிலேயே நேரடியாக ஆராயலாமே என்று தோன்றும். செய்கிறார்கள். ஆனால் ஒரு மாட்டில் தீவனம், வெயில், எத்தனையாவது ஈற்று, சினையா இல்லையா, கறந்த ஆள் யார் என்று நூறு காரணங்கள் ஒன்றாகக் கலந்து நிற்கும். ஒரு ஹார்மோனை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தால் உடம்பு அதற்கு ஈடாக வேறு பத்து விஷயங்களை மாற்றிக்கொள்ளும். செலவும் அதிகம். தொற்றை ஆராய வேண்டுமென்றால் நல்ல மாட்டின் மடிக்குள் கிருமியை ஏற்ற வேண்டும். தட்டில் இந்தச் சிக்கல்கள் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைத்திருக்கலாம்.

1957-இல் எலியாஸ் என்ற ஆய்வாளர் எலியின் பால் சுரப்பித் துண்டுகளை ஹார்மோன் கலந்த கரைசலில் உயிரோடு வைத்துக் காட்டினார். அது திசுத் துண்டு; அண்டை அயல் செல்களோடு சேர்ந்தே இருப்பதால் செல்லுக்குத் தன் இடம் மறக்காது, ஆனால் அதிக நாள் தாங்காது. பசுவின் மடிச் செல்களைத் தனியாகப் பிரித்து வளர்த்த முக்கியமான முயற்சி 1961-இல் வெளியானது. எப்னர், ஹேகெமன், லார்சன் மூவரும் செய்தது. செல்கள் நன்றாக வளர்ந்தன, பாலுக்கே உரிய வேலைகளை இழந்துகொண்டும் வந்தன. அந்த எப்னர் மேலும் சில ஆண்டுகளில், ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற பால் புரதம் லாக்டோஸ் உற்பத்தி செய்யும் நொதியின் ஒரு பாதி என்று கண்டறிந்த குழுவை நடத்தினார். தன் தட்டில் செல்கள் இழந்துகொண்டிருந்த திறனின் வேதியியலை அவரே அவிழ்த்தார் என்பது எனக்கு மனதைத் தொடும் செய்தி.

செல்லை எடுப்பதே ஒரு பொறுமைச் சோதனை. இறைச்சிக் கூடத்தில் அப்போதுதான் அறுக்கப்பட்ட கறவை மாட்டின் மடியிலிருந்து, காம்புக்கு மேலே நன்கு உள்ளே இருக்கும் பகுதியில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார்கள். கத்தரியால் நறுக்க நறுக்கப் பால் கசிந்து கரைசலை வெள்ளையாக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றி, மறுபடி கொட்டி, கழுவுநீர் தெளியும் வரை கழுவ வேண்டும். அப்புறம் கொலாஜனேஸ் நொதியில் ஊற வைத்தால் செல்களைக் கட்டிவைத்த நார்கள் கரையும். சல்லடை வழியாக வடித்துச் செல்களைத் தட்டில் விதைப்பார்கள்.

இரண்டு மூன்று நாளில் நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு விதச் செல்கள் தெரியும். செங்கல் பாவிய முற்றம்போல ஒன்றையொன்று ஒட்டி நெருங்கி நிற்பவை எபிதீலியல் செல்கள். நூல் கதிர்போல இரு முனையும் நீண்டு, சுழல் சுழலாகப் பரவுபவை ஃபைப்ரோபிளாஸ்ட்கள், அதாவது இணைப்புத் திசுச் செல்கள். பின்னவை வயலில் கோரை மாதிரி. விட்டால் தட்டு முழுவதையும் பிடித்துவிடும். களை எடுக்க ஒரு வழி உண்டு. டிரிப்சின் என்ற நொதியை ஊற்றினால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் முதலில் பிடியை விடும், எபிதீலியல் செல்கள் இன்னும் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிட இடைவெளியில் முதலில் விட்டவற்றைக் கழுவி ஊற்றிவிட வேண்டும். ஒரு நிமிடம் அதிகமானால் இரண்டும் போகும், குறைந்தால் களை மிஞ்சும். இதைத் திரும்பத் திரும்பச் செய்த பிறகு, கிடைத்தது எபிதீலியல் செல்தானா என்று சைட்டோகெராட்டின் என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றி உறுதிப்படுத்துவார்கள்.

சரி, செல் தூய்மையாகக் கிடைத்துவிட்டது. ஆனாலும் பால் செய்யவில்லையே, ஏன்? 1977-இல் எமர்மன், பிடெல்கா என்ற இருவரும் வெளியிட்ட எலிச் செல் ஆய்வில் விடையின் பெரும்பகுதி கிடைத்தது. அவர்கள் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தால் ஆன ஜெல்லின் மேல் செல்களை வளர்த்தார்கள். ஜெல் தட்டின் அடியில் ஒட்டியிருந்தவரை செல்கள் தட்டையாகவே கிடந்தன. ஜெல்லின் விளிம்பைத் தட்டிலிருந்து பிரித்துக் கரைசலில் மிதக்க விட்டதும் நிலைமை மாறியது. செல்கள் இழுக்க இழுக்க ஜெல் சுருங்கியது. தட்டையாகப் படுத்திருந்தவை எழுந்து உயரமாக நின்றன. மிதக்கும் ஜெல்லின் அடிவழியாகவும் கரைசல் போவதால் கீழ்ப்பக்கத்திலிருந்து உணவு கிடைத்தது. மடியில் இருப்பதுபோல மேல் எது, கீழ் எது என்று அதற்கு மறுபடி தெரிந்தது. சுரப்புக்குரிய குணங்களைத் தக்கவைத்துக்கொண்டது.

அதே செல்கள், அதே ஹார்மோன்கள், அதே கொலாஜன். ஒட்டியிருந்ததை மிதக்கவிட்டது மட்டுமே வித்தியாசம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

மினா பிஸ்ஸெல் என்ற ஆய்வாளர் இந்தச் சிந்தனையை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார். செல்லைச் சுற்றியுள்ள நார் வலை வெறும் சாரம் இல்லை, எந்த மரபணு விழிக்க வேண்டும் என்று செல்லின் உட்கருவோடு அது பேசுகிறது என்பது 1980களின் தொடக்கத்திலிருந்து அவர் வைத்த வாதம். அவருடைய குழு, எலிக் கட்டி ஒன்றிலிருந்து எடுத்த அடித்தளச் சவ்வுப் பொருளில் எலியின் பால் செல்களை வளர்த்தபோது, அவை தாங்களாகவே கூடி, நடுவில் குழிவுள்ள உருண்டைகளாகி, அந்தக் குழிவுக்குள் பால் புரதத்தைச் சுரந்தன. மடியின் குமிழ் தட்டில் மறுபடி முளைத்தது என்றே சொல்லலாம். ஹார்மோன்களும் வேண்டும்: இன்சுலின், கார்டிசால் வகை ஸ்டீராய்டு, பால் செய்யத் தூண்டும் புரோலாக்டின். புரோலாக்டின் செய்தியை மரபணு வரை கொண்டுசேர்க்கும் புரதத்தின் பெயர் ஸ்டாட்5. 1994-இல் அது முதலில் பிரித்தறியப்பட்டதும் பால் சுரப்பியில்தான். செல்லின் கால் பிளாஸ்டிக்கில் இருந்தால் புரோலாக்டின் எவ்வளவு ஊற்றினாலும் அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேராது.

பசுவுக்கு வருவோம். மடியிலிருந்து புதிதாக எடுத்த செல்கள் சில முறை பெருகிய பின் களைத்து நின்றுவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் புது மடி, புது மாடு. ஒரு மாட்டின் செல்போல மற்றதன் செல் இருக்காது. 1991-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹுயின், ரோபிடாய், டர்னர் மூவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பசுவின் பால் குமிழ்ச் செல்களுக்குள் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் பெரிய டி-ஆன்டிஜென் என்ற புரதத்துக்கான மரபணுவைப் புகுத்தினார்கள். செல்கள் களைப்பை மறந்து பெருகிக்கொண்டே இருந்தன. அதுதான் மேக்-டி என்ற செல் வரிசை. மிதக்கும் கொலாஜன் ஜெல்லில், புரோலாக்டினோடு வளர்த்தால் அது கேசினும் சுரந்தது. 1996-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பிஎம்இ-யுவி என்ற இன்னொரு வரிசை வந்தது, அதுவும் எஸ்வி40 உதவியோடுதான். இன்று உலகெங்கும் பசு மடியைப் பற்றி வரும் செல் ஆய்வுகளில் பெரும்பங்கு மேக்-டியின் தோளில் நிற்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. டி-ஆன்டிஜென் செல்லின் இரண்டு முக்கியக் காவல்காரர்களான பி53, ஆர்பி புரதங்களைக் கட்டிப்போட்டுத்தான் செல்லைப் பெருக வைக்கிறது. எப்போது பெருகுவது, எப்போது நிறுத்துவது, எப்போது தன்னைத்தானே முடித்துக்கொள்வது என்பதெல்லாம் அந்தக் காவலர்களின் வேலை. ஆகவே ‘இந்தப் பொருள் மடிச் செல்லைப் பெருக வைக்கிறது’ அல்லது ‘சாக விடாமல் காக்கிறது’ என்று மேக்-டி சாட்சி சொன்னால் அதைப் புதிதாக எடுத்த செல்லிலும் கேட்டுப்பார்க்க வேண்டும். பசுக்கள் வற்றுக்காலத்தில் பழைய மடிச் செல்களை இழந்து புதியவற்றை வளர்த்துக்கொள்கின்றன. அந்த விஷயத்தை ஆராய மேக்-டியை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு சிக்கலைப் பற்றிப் பேச்சு குறைவு, ஆனால் எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. அது செல்லின் சாப்பாடு. ஆய்வகங்களில் வழக்கமாக ஊற்றும் கரைசல்களில் லிட்டருக்கு 3 முதல் 4.5 கிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். பசுவின் இரத்தத்தில் இருப்பதோ லிட்டருக்கு அரை கிராமை ஒட்டித்தான். அசைபோடும் விலங்கின் இரத்தத்தில் சர்க்கரை குறைவு. தீவனத்தை இரைப்பையின் முதல் அறையில் நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து அசிட்டேட்டாக மாற்றுகின்றன. பசு பால் கொழுப்பைக் கட்டுவது அந்த அசிட்டேட்டிலிருந்தும், பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டிலிருந்தும், இரத்தத்தில் வரும் கொழுப்பு அமிலங்களிலிருந்தும். குளுக்கோஸைக் கொழுப்பாக்கும் பழக்கம் அதன் மடிக்கு மிகக் குறைவு. சாதாரணக் கரைசலில் அசிட்டேட்டே சேர்ப்பதில்லை. வைக்கோல் தின்னும் மாட்டின் செல்லுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றிவிட்டுப் பால் கொழுப்பைப் பற்றிக் கேட்கிறோம். வெப்பமும் அப்படித்தான். பசுவின் உடல் சூடு 38.5 டிகிரியை ஒட்டி இருக்கும், இன்குபேட்டர்களோ மனிதக் கணக்கில் 37 டிகிரியில் ஓடுகின்றன. கவனமான ஆய்வாளர்கள் இதையெல்லாம் மாற்றி அமைக்கிறார்கள். கட்டுரையின் செய்முறைப் பகுதியைப் பார்த்தால் யார் மாற்றினார்கள், யார் மாற்றவில்லை என்று தெரிந்துவிடும்.

இத்தனை குறை இருந்தும் தட்டு உண்மையைச் சொன்ன இடங்கள் உண்டு. மடிநோய் அதில் முதன்மையானது. ஈ.கோலை என்ற கிருமி மடிக்குள் புகுந்தால் மடி வீங்கி, காய்ச்சல் கண்டு, பால் தண்ணீராகும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி புகுந்தாலோ பல நேரம் வெளியே ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, மருந்து கொடுத்தால் அடங்கி, மறுபடி தலைகாட்டும். இரண்டும் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்பதற்கு ஜெர்மனியின் டும்மர்ஸ்டார்ஃப் ஆய்வகத்தில் சேஃபர்ட் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம் தந்தது. ஈ.கோலை பட்டதும் மடிச் செல்லுக்குள் என்எஃப்-கப்பாபி என்ற அபாய மணி அடிக்கிறது. வெள்ளையணுக்களைக் கூவி அழைக்கும் இன்டர்லூகின்-8 போன்றவை உடனே வெளியேறுகின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் பட்டபோது மணி அடிக்கவில்லை. கிருமியை அடையாளம் காணும் உணர்விகள் நன்றாகவே வேலை செய்தன, ஆனாலும் அபாயச் செய்தி கிளம்பவில்லை. உயிருள்ள மடியிலும் அதே வேறுபாட்டை அவர்கள் பார்த்தார்கள். தட்டும் மாடும் ஒத்துப்போன இப்படிப்பட்ட ஆய்வுக்கு நான் இரட்டை மதிப்பு கொடுப்பேன்.

அந்தக் கிருமி எங்கே ஒளிகிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிமையானது. தட்டில் வளரும் மடிச் செல்களோடு கிருமியைக் கொஞ்ச நேரம் விட்டுவைப்பார்கள். பிறகு ஜென்டாமைசின் ஊற்றுவார்கள். அந்த மருந்து செல்லுக்குள் எளிதில் நுழையாது, வெளியே இருக்கும் கிருமிகளை மட்டும் கொல்லும். அப்புறம் மருந்தைக் கழுவிவிட்டு, செல்களை உடைத்து, உள்ளே இருந்ததை ஊட்டத் தட்டில் தடவி ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் பொட்டுப் பொட்டாகக் கிருமிக் கூட்டங்கள் முளைத்திருந்தால், அவை ஒவ்வொன்றும் செல்லுக்குள் ஒளிந்து மருந்துக்குத் தப்பியவை. 1998-இல் மேக்-டி செல்களில் செய்த ஆய்வு, இந்தக் கிருமி செல் தன்னை அடைத்துவைத்த பையிலிருந்து தப்பி உள்ளே உலவுகிறது என்றும், செல் தன்னையே முடித்துக்கொள்ளத் தூண்டுகிறது என்றும் காட்டியது. மடிநோய்க்கு ஊசி போட்டும் திரும்பத் திரும்ப வருகிறதே என்று நொந்துபோகும் மாட்டுக்காரருக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது.

வெயில் விஷயத்திலும் தட்டுக்கு ஒரு பங்கு உண்டு. வெப்பம் ஏறினால் மாடு தீவனம் குறைத்துக்கொள்ளும், அதனால் பால் குறையும் என்று வெகுகாலம் நினைத்தார்கள். அரிசோனாவில் மாடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், தீவனக் குறைவால் பாதி அளவு இழப்பையே விளக்க முடிந்தது. மீதி எங்கே என்று தேட, மடிச் செல்களை 42 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். செல் முதலில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் குவித்துத் தாக்குப்பிடிக்கும்; நேரம் நீடித்தால் அந்தத் தாங்கும் சக்தி கரையும். எருமைக்கும் இதே கேள்வி உண்டு, அதன் கருந்தோல் வெயிலுக்கு இன்னும் கூச்சப்படும். கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆய்வு நிறுவனம் 2012-இல் கறவை எருமையின் மடித் திசுவிலிருந்து பூமெக் என்ற செல் வரிசையை உருவாக்கி வெளியிட்டது. இந்தியாவின் பாலில் ஏறத்தாழப் பாதி எருமைப் பால். ஹோல்ஸ்டீன் என்ற வெளிநாட்டுப் பசுவின் செல்லைக் கேட்டுவிட்டு எருமைக்குப் பதில் எழுதும் வழக்கத்துக்கு இது தேவையான மாற்று.

மூலிகைச் சாறு, மஞ்சளின் குர்குமின் என்று ஏதாவது ஒன்று ‘மடி வீக்கத்தைக் குறைக்கிறது’ என்ற செய்தி அடிக்கடி வரும். பெரும்பாலும் அது பாக்டீரியாவின் நச்சுப் பொருளால் சீண்டிய செல்மேல் அந்தச் சாற்றை நேரடியாக ஊற்றிப் பார்த்த முடிவாக இருக்கும். மாட்டுக்குத் தீவனத்தில் கொடுத்தால் அது முதலில் இரைப்பை நுண்ணுயிர்களிடம் போக வேண்டும், அவை விட்டுவைத்தால் ஈரல், அதுவும் விட்டுவைத்தால் இரத்தம், கடைசியில்தான் மடி. தட்டில் இந்த வழி எதுவும் இல்லை. அந்தச் செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. பயணத்தின் கடைசி ஓரடியை மட்டும் அளந்திருக்கிறார்கள்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் பண்ணைகளில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தது. பால் கெட்டியாகிச் சீம்பால் நிறத்தில் வந்தது. வைரஸ் மூச்சுக்குழாயைவிட மடியில்தான் பெருகியிருந்தது. மாட்டு மடியில் இன்ஃப்ளுயன்சா வைரஸ் வளரும் என்பதைக் கனடாவில் 1950களிலேயே சோதித்துக் காட்டியிருந்தார்கள், அது மறந்துபோயிருந்தது. இப்போது மடித் திசுவில் தேடியபோது, பறவை வைரஸ் பிடிக்கும் சியாலிக் அமிலக் கொக்கியும் மனித வைரஸ் பிடிக்கும் கொக்கியும் இரண்டுமே அங்கே தாராளமாக இருந்தன. வைரஸ் இரண்டு வகையும் ஒரே செல்லில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை மாட்டில் சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது. உயர் பாதுகாப்பு ஆய்வகத்தின் மூடிய பெட்டிக்குள், மடிச் செல்களிலும் திசுத் துண்டுகளிலும்தான் அதைக் கேட்க முடியும்.

உருண்டையாக வளர்த்தால் பால் நடுவிலேயே தங்கிவிடும், எடுத்து அளக்க முடியாது. அதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். நுண்துளைச் சவ்வின் மேல் செல்களை வளர்த்து, சவ்வுக்குக் கீழே ஒரு கிண்ணம், மேலே ஒரு கிண்ணம். கீழே இருப்பது இரத்தம், மேலே இருப்பது பால் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே மின்தடையை அளந்தால் செல்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்கின்றனவா என்று தெரியும். மடிநோயில் அந்த நெருக்கம் தளர்ந்து இரத்தத்தின் உப்பு பாலில் கசிகிறது. மடிநோய்ப் பால் உப்புக் கரிப்பது அதனால்தான்.

செல்களுக்கு ஊற்றும் சீரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சினை மாடுகளை அறுக்கும்போது கருக்கன்றின் இரத்தத்திலிருந்து எடுப்பது. அதில் மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸ் கலந்துவிடும் ஆபத்து உண்டு, தட்டில் உள்ள செல்லை அது சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும். மடியின் நோய் எதிர்ப்பைப் பற்றிய ஆய்வுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. சீரம் இல்லாத கரைசலுக்கு மாறும் முயற்சி நடப்பது கருக்கன்றுக்கும் நல்லது, ஆய்வுக்கும் நல்லது.

மடியை வெட்டாமலே செல் எடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. கறந்த பாலில் உள்ள செல்களில் பெரும்பாலானவை வெள்ளையணுக்கள்தான், ஆனால் குமிழ்ச் சுவரிலிருந்து உதிர்ந்த எபிதீலியல் செல்களும் கொஞ்சம் இருக்கும். அவற்றில் சில உயிரோடு இருக்கும். பாலைச் சுழற்றி அடியில் படிவதை எடுத்து, கழுவி, தட்டில் வைத்தால் சில செல்கள் ஒட்டிக்கொண்டு வளரும். கிடைப்பது சொற்பம், கிருமி கலக்காமல் காப்பது கடினம். ஆனால் ஒரே மாட்டிடம் ஈன்ற பத்தாம் நாளும், உச்சக் கறவையிலும், வற்றப்போகும் முன்னும் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கலாம். அந்த மாடு மறுநாள் காலையும் தொழுவத்தில் நின்று கன்றுக்கு ஊட்டும்.